மைதானத்துக்கு முன்னால் வந்த சத்தம்

சாளைத்துறையில் மைதானம் வருவதற்கு முன்னால் மைதானத்தின் சத்தம் வந்தது.

நாகர்கோவிலில் இருந்து வந்த இஞ்சினீயர் பிரேம்லால், கடல்தாரகை கால்பந்துக் கழகத்துக்கான மைதானத்தின் வரைபடத்தைப் படிப்பகச் சுவரில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம், வெயில் கடல் பக்கம் சரிந்த நேரத்தில், தாழைகளை வெட்டிச் சமப்படுத்திய அந்த வெறும் மணல்வெளியில் இருந்து ஒரு விசில் கேட்டது. விசிலுக்குப் பின்னால் ஒரு பந்து உதைபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஊரே திரண்டு உட்கார்ந்து கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் ஆரவாரம் எழுந்தது. வலை காயப்போட்டவர்களும் மீன் சட்டி கழுவியவர்களும் அங்கே ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மணல் இருந்தது, இரண்டு நாய்கள் இருந்தன, வேறொன்றும் இல்லை. சத்தம் மட்டும் அவர்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கழகத்துக்கு ஒரு சத்தம் தேவையாகத்தான் இருந்தது. மாநில லீக்கின் மூன்றாம் பிரிவில் ஆட இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சொந்த மைதானமும் கேலரியும், கேலரியை நிரப்பும் அளவுக்கு டிக்கெட் விற்பனையும் காட்டினால்தான் அந்த இடம் நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டோ விற்கவில்லை. சாளைத்துறைக்காரர்கள் ஏலம் போடாத எதையும் வாங்கிப் பழகாதவர்கள். மீன் ஏலத்தில் வாங்குவார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவையும் திருவிழாவில் வந்த வாழைக்குலையையும் ஏலத்தில் வாங்குவார்கள். விலையை முன்னாடியே அச்சடித்து வைத்திருக்கிறான் என்றால் அந்தச் சரக்கு கெட்டுப்போனது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று தெருவிலும் கூவிப் பார்த்தும் டிக்கெட் கட்டு கட்டாகவே இருந்தது.

ஏலம் போட்டு விற்கலாம் என்றால் அதற்கு வறுவேல் வாயைத் திறக்க வேண்டும். வறுவேல்தான் அந்தக் கரையின் ஏலக்காரர். அவர் ‘ஒருதரம்’ என்று கூவினால் வெளியே நங்கூரம் போட்டிருக்கும் வள்ளத்தில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அந்த வறுவேல் சொல்லிவிட்டார்: “மீனுன்னா நான் ஏலம் கூறுவேன். பந்துன்னா என் வீட்டு வாசலுக்கு வராதிய.”

காரணம் ஊருக்கே தெரியும். கழகத்தின் தலைவர் கிறகோரி. வாலிபத்தில் கிறகோரியும் வறுவேலும் ஒரே அணி. மாதா விண்ணேற்புத் திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், இடப்பக்கம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வறுவேல் தன்னந்தனியாக நின்றார். பந்து கிறகோரியின் காலில் இருந்தது. “கிறகோரீ, இஞ்ச!” என்று வறுவேல் கூவிய கூவலில் கடலில் நின்ற வள்ளங்கள் எல்லாம் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கரைக்குத் திரும்பின. கிறகோரி பந்தைக் கொடுக்காமல் தானே அடித்தார். அது கம்பத்துக்கு மேலே பறந்து, தென்னந்தோப்பைத் தாண்டி, யாருடைய கிணற்றிலோ விழுந்தது. பிறகு கேட்டபோது கிறகோரி சொன்ன பதில் ஒரே ஒரு சொல்.

“கேக்கல்ல.”

தோற்றதை வறுவேல் அந்த வாரமே மறந்துவிட்டார். அந்தச் சொல்லை மறக்கவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கப்பலேறிப் போனார்கள், தலை வெளுத்தது, அந்தச் சொல் மட்டும் தொண்டையில் குத்திய மீன்முள்ளைப் போல அப்படியே நின்றது. கிறகோரி தன் வாசலுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், ஏலம் போட்டுத் தாரும் என்று கெஞ்சுவார், அப்போது ஊர் பார்க்க “கேக்கல்ல” என்று திருப்பிச் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் சத்தம் வந்து அவர் காத்திருப்பைக் கெடுத்தது.

முதல் சில நாட்கள் சத்தத்தை ஊரார் சத்தமாக மட்டும் கேட்டார்கள். பிறகு அதற்குள் ஓர் ஆட்டம் இருப்பது புரிந்தது. விசில் அடிக்கும், ஆடுவார்கள், பாதி ஆட்டத்தில் ஓய்வு வரும். அந்த ஓய்வில் “சூடாயிட்டு கடலேய்” என்று வறுத்த கடலை விற்கிற ஒருவனின் குரல் மட்டும் உலாவும். பக்கத்து ஊரில் கடலை விற்றுக்கொண்டிருந்தவன் இதைக் கேள்விப்பட்டு வந்து, கேட்டு, “இது நானாக்கும்” என்று சொல்லி, மறுநாள் முதல் தள்ளுவண்டியோடு அங்கேயே நிற்க ஆரம்பித்தான். ஓய்வுக்குப் பிறகு மறுபடி ஆடுவார்கள். முடிகிற நேரத்தில் மண்ணே எழுந்து நிற்பதுபோல் ஓர் இரைச்சல் வரும். அது நம் கோல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடித்தது யார் என்பதில்தான் தினமும் டீக்கடையில் சண்டை.

கடலைக்காரன் வழி காட்டியபின் ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்தில் தங்களைத் தேட ஆரம்பித்தார்கள். மணலில் நடந்து, நின்று, காதைச் சாய்த்து, இன்னும் இரண்டு எட்டு நகர்ந்து, தங்கள் குரல் எந்த இடத்தில் இருந்து புறப்படுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் அங்கே ஒரு கல்லை வைத்தார்கள். கல் வைத்த கையோடு டிக்கெட்டும் வாங்கினார்கள். ‘நான்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேனே, பிறகு வாங்காமல் எப்படி’ என்பது அவர்கள் நியாயம். செலஸ்தீன் என்ற மீன்காரியின் மகன் வடக்கே வெராவல் பக்கம் விசைப்படகில் போய் சேதி இல்லாமல் இருந்தான். அவள் தன் கல்லுக்கு இரண்டு கல் தள்ளி அவனுடைய சீட்டியைக் கேட்டாள், அங்கேயே முழங்காலில் நின்று மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னாள், எழுந்து அவனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள். பங்குச்சாமியார்கூட, ரெஃபரியை ஒருவர் திட்டும் சொல்லைக் கேட்டு முகம் சுளித்து, பிறகு அது தன்னுடைய குரல்தான் என்று தெரிந்து, ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போனார்.

இஞ்சினீயர் பிரேம்லால் மறுபடி வந்தபோது மணல்வெளி எங்கும் கற்கள் கிடந்தன. அவர் வரைந்திருந்தது இரண்டு பக்கமும் நேர்கோடாகக் கேலரி. கற்கள் கிடந்ததோ வளைந்து, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, சுறாவின் கீழ்த்தாடையைப்போல.

“இந்த மாதிரி ஒரு கேலரி எந்த ஊர்லயும் கிடையாது” என்றார்.

“சார், நீங்க வரைஞ்சது தப்புன்னு நாங்க சொல்லல்ல” என்றார் கிறகோரி. “ஆனா இது நடக்கப்போறது. நடக்கப்போறத நாங்க எப்பிடி மாத்துறது?”

பிரேம்லால் வெயிலில் கற்களுக்கு இடையே ஒரு சுற்று நடந்தார். பிறகு அளவுநாடாவை எடுத்துக் கற்களை அளந்து புதுப் படம் வரைந்தார். போவதற்கு முன் யாரும் பார்க்காத நேரத்தில், வடக்கு மூலையில் ஒரு கல்லை வைத்ததைக் கடலைக்காரன் பார்த்தான்.

இப்படியே சவுக்குக் கம்புகளும் பலகைகளும் வந்து இறங்க, டிக்கெட் தானாக விற்றுக்கொண்டிருக்க, ஏலக்காரரைக் கெஞ்ச யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. அது ஒன்றே வறுவேலுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. சத்தம் வரும் நேரத்தில் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, பழைய ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரியாமல் வேறொன்று நடந்தது. ஊரில் எல்லாரும் தங்கள் குரலைக் கண்டுபிடித்த பிறகு, சும்மா இருக்க முடியாமல், வறுவேலின் குரலைத் தேடினார்கள். தேடுவதற்கு அதைவிட எளிதான குரல் உண்டா? கோல் விழும் இரைச்சலுக்குள்ளும் அது தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. தெற்கில் இருந்து வடக்கு வரை நடந்தார்கள். எங்கும் இல்லை.

கடைசியில் அவர் மனைவி பிலோமி போய்த் தன் குரலைக் கேட்டாள். வாழ்நாளில் உரக்கப் பேசாத பிலோமி அங்கே “ஓடு மக்கா, ஓடு ஓடு” என்று தெரியாத ஒரு பிள்ளையை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, பல் விழுந்த இடம்போல் ஒன்றுமில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று முதல் ஊர் வறுவேலிடம் அன்பாக இருந்தது.

அதுதான் அவருக்கு முதலில் சந்தேகத்தைக் கொடுத்தது. ஏலத்தில் அவரோடு மல்லுக்கு நிற்கும் வியாபாரிகள் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்கள். செலஸ்தீன் நெய்மீன் தலையைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, “அண்ணனுக்குப் பிடிக்குமுல்லா” என்று வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். பங்குச்சாமியார் வழியில் நிறுத்தி, “நோயில்பூசுதல்ங்கிறது சாகக் கெடக்குறவங்களுக்கு மட்டுமில்ல வறுவேல், நல்லா இருக்கும்போதே வாங்கிக்கலாம்” என்றார்.

“எனக்கு என்ன சாமி நோக்காடு?”

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

பிறகு ஒரு மத்தியானம், அவர் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தபோது, கிறகோரி வந்தார். எத்தனையோ வருடமாக மிதிக்காத வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“வறுவேலு, இருக்கியா?”

“இருக்கேன். கண்ணு தெரியல்லியா?”

கிறகோரி தரையில் உட்கார்ந்தார். வேட்டி நுனியை முறுக்கினார். அவிழ்த்தார். மறுபடி முறுக்கினார்.

“அன்னைக்கி நீ கூப்புட்டது எனக்குக் கேட்டுதுலே.”

வறுவேலின் கையில் இருந்த கஞ்சி சட்டியில் வழிந்தது.

“நல்லாவே கேட்டுது. கடலுல கெடந்தவனுக்கெல்லாம் கேட்டது, பக்கத்துல நின்ன எனக்குக் கேக்காமலா போவும்? நான் அடிக்கணும்னு ஆசப்பட்டேன். வேற ஒண்ணுமில்ல. தப்புதான். மாப்புத் தா. அத மனசுல வெச்சிக்கிட்டுப் போயிராத.”

“எங்க போறேன்?”

கிறகோரி பிலோமியைப் பார்த்தார். பிலோமி அடுப்பைப் பார்த்தாள்.

“எங்கலே போறேன்?” என்று வறுவேல் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகம் பறந்தது. அப்புறம் சத்தத்தில் அவர் குரல் மட்டும் இல்லாததையும் அதற்கு ஊர் கண்ட அர்த்தத்தையும் கிறகோரி சொல்ல வேண்டியதாயிற்று.

சொல்லி முடித்து அவர் போனபிறகு வறுவேல் அந்தக் கஞ்சியைக் குடிக்கவே இல்லை. சாவை நினைத்து அல்ல. சாவு கடற்கரைக்காரனுக்குத் தெரியாத விருந்தாளி ஒன்றும் இல்லை. ‘கேட்டுது’ என்கிற இந்த ஒரு சொல்லுக்காக அவர் வாழ்நாளில் பாதியைக் காத்திருந்தார். கரையில், வெளிச்சத்தில், வள்ளக்காரர்களும் வியாபாரிகளும் சூழ நிற்கும்போது அது வரும் என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பார். அது இப்படி, பிணத்தின் தலைமாட்டில் கொளுத்தி வைத்துவிட்டுப் போகும் மெழுகுதிரியாக, கஞ்சிச் சட்டிக்கு முன்னால் வந்துவிட்டது. உயிரோடு இருப்பவனிடம் கேட்டால்தானே மாப்பு?

அன்று சத்தம் ஆரம்பித்தபோது அவர் ரேடியோவை எடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மணல்வெளிக்குப் போனார். ஊரார் விலகி வழிவிட்டார்கள். அதுவும் சவத்துக்கு விடும் வழிபோல இருந்தது. அவர் மனதில் அப்போது கோபத்தைவிட, பயத்தைவிட, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்கிற ஆசைதான் அதிகமாக இருந்தது. பிலோமியின் கல்லுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

நூறு பேர் ஒரே சமயத்தில் விலை கேட்கும்போது யார் என்ன கேட்டார்கள் என்று பிரித்தெடுக்கும் காது அவருடையது. ஊரையே அவர் அந்தச் சத்தத்தில் பார்த்தார். செலஸ்தீனின் மகன் ஊருக்கு வந்து இளைத்திருக்கிறான். சீட்டியில் காற்று குறைவு. பங்குச்சாமியாருக்குச் சளி. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. அது இன்னும் பிறக்கவே இல்லை, அதன் தாய் நிறைமாதமாக அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கிறகோரி கோல் விழும்போது தொண்டை கிழியக் கத்துகிறார். எல்லாம் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் காற்று சும்மா இருந்தது.

போட்டிக்கு வரவே கூடாது என்பதுதான் இதுவரை அவருடைய தீர்மானம். ஆனால் இப்போது வராமல் இருந்தால், ‘சத்தத்தில் இல்லை, அதனால் வரவில்லை’ என்று சொல்வார்கள். இத்தனை வருடம் பால் ஊற்றி வளர்த்த அவருடைய வீம்புகூட அவருடையது இல்லை என்றாகிவிடும். வரவேண்டும். வந்து, ஊர் காது அடைக்கும்படிக் கத்தவேண்டும். அந்த மாப்பை உயிரோடு வாங்கிக்கொள்ள வேறு வழியில்லை.

அதை இன்றே ஆரம்பித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து நின்று, இடுப்பில் கையை ஊன்றி, கோல் விழும் இரைச்சலுக்குள் தன் குரலை வீசினார். மறுநாளும் வந்து வீசினார். பலகைகளைத் தச்சர்கள் அறைந்துகொண்டிருக்க, சுறாத்தாடை வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருக்க, தினமும் நாலு மணிக்கு வறுவேல் வந்து, ஓட்டைவலையை ஒருவன் தைப்பதுபோல, அந்தப் பல் விழுந்த இடத்தில் தன் குரலை வைத்துத் தைத்தார். மறுநாள் கேட்டால் அது அங்கே இருக்காது. இன்னும் உரக்கக் கத்துவார். ஊரார் தலையைக் குனிந்துகொண்டார்கள். மைதானத்தின் முதல் போட்டிக்கு முந்தின நாள் காலையில் கரையில் ஏலம் போட வாயைத் திறந்தார். “ஒரு” வந்தது. “தரம்” வரவில்லை. தொண்டையில் இருந்து மணல் சரிகிற சத்தம்தான் வந்தது. அன்று மீன் விரல் காட்டித்தான் விற்கப்பட்டது.

“உப்புத்தண்ணி கொப்புளிங்க” என்றாள் பிலோமி. கொப்புளித்தார். மிளகு மென்றார். ஒன்றும் ஆகவில்லை.

போட்டி அன்று மத்தியானம் அவர் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, போகவும் மனமில்லாமல், இருக்கவும் மனமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டும் இல்லை, குரலும் இல்லை. பிலோமி புடவை மாற்றி வந்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் இருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, எப்போது வாங்கினாய் என்று கையால் கேட்டார்.

“கல்லு வெச்ச அன்னைக்கே வாங்கிட்டேன்” என்றாள். “உங்க சத்தம் எல்லாம் கரையிலதான? வீட்டுல மூஞ்சத் தூக்கி வெச்சா மாசக்கணக்குல வாயத் தொறக்க மாட்டிய. சத்தம் இல்லன்னா ஆளு இல்லன்னு ஊரு நெனச்சிது. ஒங்ககூடக் குடும்பம் நடத்துனவ நான் நெனப்பனா? எந்திரிங்க, நேரமாச்சி.”

அந்த நாலு மணிக்கு நிஜமான விசில் அடித்தது. நேற்றுவரை வந்த சத்தம் எங்கே முடிந்து இது எங்கே தொடங்கியது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அவரவர் கல் இருந்த இடத்தில் அவரவர் இருந்தார்கள். வறுவேல் உயிரோடு வந்து பிலோமியின் வலப்பக்கம் உட்கார்ந்ததைப் பார்த்துப் பங்குச்சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். செலஸ்தீன், தான் கொடுத்த மீன் தலைகளை நினைத்துக்கொண்டாள்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்த கிறகோரி, பாதி ஆட்டத்துக்குப் பிறகு தாங்கமாட்டாமல் எழுந்து வந்து, வறுவேலுக்கு முன்னால் இருந்த பலகையில் ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“நீ சாவல்ல” என்றார், குற்றம் சொல்வதுபோல.

இல்லை என்று வறுவேல் தலையாட்டினார்.

“அப்ப நான் கேட்ட மாப்பத் திருப்பித் தா.”

வறுவேல் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

“தரமாட்டாராம்” என்றாள் பிலோமி, கண்ணை ஆட்டத்தில் இருந்து எடுக்காமல்.

“மைனி, அது செல்லாது. செத்துப்போவான்னு நம்பிக் கேட்டது அது. முழுசா இருக்குறவங்கிட்ட எவனாவது அப்பிடிக் கேப்பானா?”

வறுவேல் வலக்கையைத் தூக்கி மூன்று விரலை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மூணுதரமும் கூவி முடிஞ்சிட்டாம். ஏலத்துல விழுந்தது விழுந்ததுதான்ங்கிறாரு.”

“எந்த ஏலம்? யாருலே கூவுனது? தொண்டையில தண்ணி எறங்குற சத்தம்கூட இல்ல உனக்கு. நான் கேக்கல்லன்னா கேக்கல்லதான், இப்பவும் சொல்லுவேன், கேக்க…”

வறுவேல் அவர் வாயைப் பொத்தினார். கிறகோரி அந்தக் கையைத் தட்டிவிட்டு அவர் வெள்ளைச்சட்டையைப் பிடித்தார். வறுவேல் அவர் துண்டைப் பிடித்தார். கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு, இத்தனை வருடமாகப் பேசாத அத்தனையையும், ஒருவர் வாயாலும் ஒருவர் விரலாலும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்களைச் சுற்றி இருந்த ஊர் ஒரே ஆளாக எழுந்து நின்றது. பலகைகள் அதிர்ந்தன. மண்ணே எழுந்து நின்றதுபோல் இரைச்சல் வந்தது.

இருவரும் சட்டையையும் துண்டையும் விடாமலே திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. முதுகுகளின் இடுக்கில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், கழகத்தின் நீலச்சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பந்து வலைக்குள் இருந்தது.

“யாருலே அடிச்சா?” என்று கிறகோரி தொண்டை கிழியக் கத்தினார். வறுவேல் உதட்டைப் பிதுக்கினார். கிறகோரி முன்னால் நின்றவனின் தோளை உலுக்கி, “யாரு அடிச்சா, யாரு அடிச்சா?” என்று கத்தினார். அவன் திரும்பவே இல்லை. வறுவேல் பிலோமியின் முந்தானையை இழுத்தார். அவள் இரண்டு கையையும் தூக்கி யாரோ பெற்ற பிள்ளையை மகனே மகனே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அவரவர் குரல் அவரவருக்கே கேட்கவில்லை. சுறாத்தாடை முழுக்க எல்லாரும் வாயைத் திறந்திருந்தார்கள், வறுவேலும் திறந்திருந்தார், அவருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

யாராவது சொல்லாவிட்டால் தெரியாது என்பதால், இரண்டு கிழவர்களும் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்து, சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அது அடங்குவதாக இல்லை.